பூட்டிவிட்டுத்தான் எழுந்தேன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். இன்று நினைத்தாலும் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விளையாட்டு உண்டு. கணினித் திரையைப் பூட்டாமல் யாராவது எழுந்து போனால், அவர் பெயரில் எல்லோருக்கும் ஒரு மெயில் பறக்கும். 'இன்று காபி என் செலவு.' மாட்டிக்கொண்டவர் அசடு வழிய வாங்கிக் கொடுப்பார்.

என் பெயரில் போனது காபி மெயில் இல்லை. ராஜினாமாக் கடிதம். ஒரே மாதத்தில் இரண்டு முறை, நேராக மேனேஜருக்கு.

"நான் பூட்டிட்டுத்தான் சார் போனேன்."

"அப்போ பேய் வந்து தொறந்துச்சா? இன்னொரு தடவை வந்தா, நிஜம்னு எடுத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுடுவேன்மா."

என் கணவர் உயிரோடு இல்லை. என் ஒருத்தி சம்பளத்தில்தான் மகள் படிக்கிறாள். பக்கத்து இருக்கைக்காரியைப் பிடித்துக்கொண்டேன். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"உன் வேலைதானேடி இது?"

"சத்தியமா இல்லக்கா! ஓசி காபிக்கு மேல எனக்கு ஆசையே கிடையாது."

வியாழக்கிழமை, பிற்பகல் 3.30. மீட்டிங். மேனேஜரோடு சேர்த்துப் பதினொரு பேரும் கண்ணாடி அறைக்குள் இருந்தோம். திரையைப் பூட்டி, இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கண்ணாடி வழியே என் மேஜை நன்றாகத் தெரிந்தது.

3.42.

என் திரை வெளிச்சமானது.

நாற்காலி காலி.

டக்... டக்... டக்...

திரையில் எழுத்துகள் ஓடின.

ரேடியோ என் கையை இறுகப் பிடித்தாள். "அக்கா... அங்க யாருமே இல்லையே..."

மேனேஜரின் போன் அதிர்ந்தது. படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்து போன் நழுவியது.

எடுத்துப் பார்த்தேன்.

'அந்தக் கடிதம் நான் எழுதியது இல்லை சார். நான் வேலையை விடவில்லை.'

அன்று எழுந்து போன மேனேஜர், திரும்பி வரவே இல்லை.

மறுநாள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, கதவைச் சாத்திவிட்டுப் பேசினான்.

"யார் பாஸ்வேர்ட்ல தொறந்தாங்கன்னு பதிவாகும்க்கா. முதல் ரெண்டு தடவை... மேனேஜரோடது. அதுல எல்லா கம்ப்யூட்டரையும் தொறக்கலாம்."

ஆளைக் குறைக்க வேண்டுமாம். வெளியே அனுப்பினால் கேள்வி வரும். தானாகப் போனால் வராது. பாவி! நாங்கள் சிரித்து விளையாடிய விளையாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, என் மகளின் சோற்றில் அல்லவா கை வைத்திருக்கிறான்!

"மூணாவது தடவை?"

அவன் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"உங்களுக்கு முன்னாடி அந்த சீட்ல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க பேர்லயும் இப்படி ஒரு ராஜினாமா போச்சு. அழுது பார்த்தாங்க, எடுபடல. ஒரே வாரத்துல மாரடைப்பு... போய்ட்டாங்க. நேத்து அடிச்சது அவங்க பாஸ்வேர்ட்தான்க்கா. அன்னைக்கே நான்தான் அழிச்சேன்."

"அப்புறம் எப்படி...?"

"தெரியல. ஆனா பதிவுல இருக்கு. நீங்க சாப்பிடப் போற நேரம் பார்த்து, தினமும் ஒரு தடவை யாரோ அதை அடிச்சிருக்காங்க. மூணு வருஷமா..."

அவன் பதிவின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினான்.

"நேத்துதான்க்கா தொறந்திருக்கு."