மாப்பிள்ளை சாப்பிடவில்லை

சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட வலது கை விரல்கள் காற்றைக் கத்தரித்துக்கொண்டே இருக்கும். ஏதோ நரம்பு வியாதி என்று நினைத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். "தூக்கத்துல என் தலையில கை வச்சீங்கன்னா பாருங்க" என்று மனைவி மிரட்டுவாள். தெருமுனையில் இரண்டு நாற்காலி போட்ட கடை. ஒரு நாற்காலி அவருடையது. இன்னொன்று கூட வேலை பார்க்கும் நெட்டையுடையது. நெட்டைக்கு வாய் சும்மா இருக்காது. ஆக, கடையில் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்.

முயலை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவர் மனைவிதான். மாடியில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது படிக்கட்டுக்கு அடியில் கூண்டோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் சாம்பல். வந்த வாரத்திலேயே அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. அதுக்குள்ள என்னம்மா மாப்பிள்ளை?" என்று மகள் சண்டைக்குப் போனாள்.

"வேலைவெட்டி கிடையாது. வேளாவேளைக்குத் தின்னுட்டுக் காலை நீட்டிப் படுத்துக்குது. கொஞ்சம் லேட்டானா தட்டைக் கவுத்துப் போடுது. நீயே சொல்லு, வேற என்ன பேரு வைக்கிறது?"

சாதாரணக் காய்ச்சல் என்று படுத்த மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிச்சமிருந்த பேச்சு முழுவதும் முயலைப் பற்றியதுதான்.

"மாப்பிள்ளைக்குத் தண்ணி வச்சியாம்மா?"

"வச்சேன்."

"கூண்டு?"

"கூட்டிட்டேன்."

அவ்வளவுதான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தால் நிறுத்த முடியாது என்று இரண்டு பேருக்குமே பயம். அதனால் சொல்ல வேண்டியது, கேட்க வேண்டியது எல்லாவற்றையும் அந்தச் சின்னப் பிராணியின் முதுகில் ஏற்றிவிட்டார்கள். முயல் இல்லையென்றால் மகளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது.

அன்று காலை மகள் கூண்டுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நேத்து வச்ச கீரை அப்படியே வாடிக் கிடக்கு. புல்லையும் தொடல."

"பசிச்சா தின்னும், விடு."

"புழுக்கையும் இல்லப்பா."

முயல் மூலையில் உருண்டையாகக் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மகள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். உள்ளே போனதும் ஃபோனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டே, "மத்தியானம் கூப்பிடுறேன். பாத்துக்கோங்கப்பா" என்றாள். அந்தப் 'பாத்துக்கோங்க' அவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கடையைத் திறந்தார். ஒருவருக்குச் சவரம் செய்து முடித்ததும் வீட்டுக்கு ஓடினார். கேரட்டை நீட்டினார். அது மூக்கில் இடித்தது. முயல் அதைத் தேடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. திரும்பக் கடைக்கு வந்தார். அரைத் தலை வெட்டியபோது ஆப்பிள் தோல் ஞாபகம் வந்தது. போர்வையோடு ஆளை உட்கார வைத்துவிட்டு மறுபடியும் ஓடினார். முயல் அதையும் தொடவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஊதிய பலூன் போல விறைத்திருந்தது.

"அண்ணே," என்றான் நெட்டை, "சாருக்கு ஒரு பக்கம் கிருதா இருக்கு, ஒரு பக்கம் இல்ல. வீட்டுல கதவைத் திறப்பாங்களா?"

நாற்காலியில் இருந்தவர் நல்ல மனிதர். "போகட்டும்ப்பா. வீட்டுல யாருக்கு என்ன?"

"மாப்பிள்ளை சாப்பிடல சார்."

"கோவிச்சுக்கிட்டாரா? மாமனார்தான் இறங்கிப் போகணும். கால்ல விழுந்தாலும் தப்பில்ல."

"அதெல்லாம் விழுந்து பாத்துட்டாரு சார். கூண்டுக்குள்ள தலையே போக மாட்டேங்குது" என்றான் நெட்டை.

சலூன்காரர் சிரிக்கவில்லை. கிருதாவைச் சமமாக்கி, கழுத்தைத் துடைத்து, பவுடர் போட்டு, ஆளை அனுப்பினார். மகள் கூப்பிடும்வரை பொறுக்க முடியவில்லை. முயலைக் கூடையில் வைத்து, மேலே கடைத் துண்டு ஒன்றைப் போர்த்தி, மிருக ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார்.

அங்கே சீட்டு எழுதும் பெண் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "பேரு?"

"மாப்பிள்ளை."

"உங்க உறவைக் கேக்கல. பேஷண்ட் பேரு."

"அதான்ம்மா பேரு."

மகள் ஃபோன் செய்தபோது அவர் பெஞ்சில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். அரை நாள் லீவு போட்டு அவளும் வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா முயலின் வாயைத் திறந்து விளக்கடித்துக் கடைவாய்ப் பல்வரை பார்த்தார். பல்லில் குறையில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"வயிறு பேசவே மாட்டேங்குதே" என்றவர், குனிந்து அதன் முதுகை முகர்ந்தார். "இது என்ன ரோஜாப்பூ வாசனை? யாராவது பவுடர் போட்டீங்களா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். டாக்டரம்மா முயலின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "மீசை எங்க போச்சு?"

இரண்டு நாள் முந்தி, கடை லீவு அன்று நடந்தது அது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் அவரும் முயலும்தான். கூட்டிய இடத்தையே கூட்டினார். மடித்த துணியையே மடித்தார். அப்புறம் முயலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மனைவி வாராவாரம் அதற்குத் தலைவாரி விடுவாள். அவரும் சீப்பை எடுத்தார். சீப்பு கைக்கு வந்தால் கத்தரி தானாக வரும். முகத்தில் தாறுமாறாக நீட்டிக்கொண்டிருந்ததை ஒட்ட நறுக்கினார். முடித்த பிறகு எவ்வளவோ வருஷமாக எல்லோருக்கும் செய்வதையே அதற்கும் செய்தார். பஞ்சில் பவுடரை ஒற்றி, கழுத்திலிருந்து வால் வரை போட்டுவிட்டார். கண்ணாடிகூடக் காட்டினார்.

"முகம் பளிச்சுனு இருக்கட்டும்னுதாங்க" என்றார்.

"மூக்குக்கு நேர் கீழ இருக்கிறது முயலுக்குக் கண்ணுல தெரியாது. மீசையும் உதடும் பட்டுத்தான் சாப்பாடு எங்க இருக்குன்னே தெரிஞ்சுக்கும். அப்புறம், அது நாள் முழுக்க உடம்பை நக்கிட்டே இருக்கிற பிராணி. பவுடர் பூரா வயித்துக்குள்ள போயிருக்கும். இது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா முயலுக்கு வயிறு ஓடிட்டே இருக்கணும். நின்னா ஆபத்து."

ஊசி போட்டார். ஈரத் துணியால் மட்டும் துடைக்கச் சொன்னார், குளிப்பாட்டக் கூடாது. புல்மாவைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொன்னார். "பிழைச்சுக்கும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. நாளைக்குள்ள புழுக்கை போட்டா தைரியமா இருங்க. இல்லன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

வெளியே வந்ததும் மகள் வெடித்தாள். "அது என்ன உங்க கஸ்டமரா? அம்மா இருந்திருந்தா..."

பாதியில் நின்றுவிட்டாள். அத்தனை மாதத்தில் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை.

"இருந்திருந்தா என் கையைக் கட்டிப் போட்டிருப்பா" என்றார் அவர்.

மகள் அவர் கையிலிருந்த கூடையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவை நிறுத்தினாள்.

மறுநாள் அவள் லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. கடையை அடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்தார். உள்மூலையில் முடி பறக்காத இடமாகப் பார்த்துத் துண்டை விரித்து முயலை விட்டார். ஒரு தலை முடிந்தால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஒரு சிரிஞ்ச். கொஞ்சம் இறங்கும், கொஞ்சம் தாடையில் வழியும். ஈரத் துணியால் துடைப்பார். வயிற்றைப் பூப்போலத் தடவுவார். துண்டுக்கு அடியில் ஏதாவது கிடக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது.

"அண்ணே, இப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பாத்தா எந்த மாப்பிள்ளைக்கும் வராது" என்றான் நெட்டை. அவனும் சத்தத்தைக் குறைத்துத்தான் சொன்னான். காலையிலிருந்து ரேடியோவைப் போடாததும் அவன்தான்.

கடையில் கூட்டம் ஏறியது. ஒருவருக்கு முகம் முழுக்க நுரை போட்டு ஒரு கன்னத்தை வழித்து முடித்திருந்தார். நெட்டை முடியைக் கூட்டிக்கொண்டு மூலைப் பக்கம் போனவன் அப்படியே நின்றான்.

"அண்ணே. உங்க மாப்பிள்ளை கடையை அசிங்கம் பண்ணிட்டாரு."

கத்தியைக் கையில் பிடித்தபடியே அவர் தரையில் மண்டியிட்டார். மிளகைவிடச் சின்னதாக, கோணல்மாணலாக, கருப்பாகச் சில உருண்டைகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னய்யா, தங்கமா?" என்றார் நுரைக்காரர்.

மகளின் ஃபோன் லாக்கரில் இருக்கும். சூப்பர் மார்க்கெட் ஆபீஸ் நம்பருக்கு அடித்தார். அவசரம், வீட்டிலிருந்து பேசுகிறோம் என்றார். அந்தப் பக்கம் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் மகளின் மூச்சு.

"அப்பா... போயிருச்சா?"

"போட்டுருச்சும்மா."

"என்னது?"

"புழுக்கை. குட்டி குட்டியா. ஒண்ணு கையிலதான் வச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அந்த ஆபீஸ் அறையில், மானேஜருக்கு முன்னால் நின்றுகொண்டு அழுகிறாள்.

"அம்மாவுக்கும் இப்படி ஒரு ஃபோன் வரும்னுதான்ப்பா நினைச்சேன்" என்றாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நீங்க உள்ள போனதிலிருந்து ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். சரியாயிருச்சுன்னு சொல்லுவீங்கன்னு."

"சொல்லணும்னுதான்மா நானும் ஃபோனைக் கையில வச்சிட்டே நின்னேன்."

நாற்காலியில் இருந்தவரின் ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து இழுக்க ஆரம்பித்திருந்தது. அவர் வாயைத் திறக்கப் போக, நெட்டை தோளைத் தொட்டு அமர்த்திவிட்டு, ஈரத் துண்டை எடுத்து அந்தக் கன்னத்தில் போட்டான். முயல் இன்னும் எதையும் தானாகத் தின்னவில்லை. அடுத்த சிரிஞ்சுக்கு மாவு குழைக்க வேண்டும்.

சலூன்காரர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லும்மா," என்றார், "கேக்குறேன்."