தூருக்கு மேல்பக்கம்

போடியில் என் கிளினிக் பலகையில் 'கைரோபிராக்டர்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதை ஒருவரும் வாசிப்பதில்லை. "சொடக்கு டாக்டரம்மா எங்க இருக்காக?" என்று கேட்டுத்தான் வருகிறார்கள். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்கிற படிப்பு என்று விளக்கிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சொடக்கு என்றே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒன்றைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேர் வலியைச் சொல்வதற்கு முன்னால் சமாதானம் சொல்கிறார்கள். "பெருசா ஒண்ணுமில்ல டாக்டரம்மா. வயசாகுதுல்ல, வாயுவா இருக்கும்." சொல்கிறவளுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடுப்பு ஒடிய வேலை பார்த்துவிட்டுப் பழியை மட்டும் வாயுவின் தலையில் கட்டுகிறார்கள்.

முனீஸ்வரியும் அப்படித்தான் வந்தாள். சிலமலைக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். விடியுமுன்னே போடிக்கு வந்து ஜீப்பைப் பிடித்து, போடிமெட்டு வளைவுகளெல்லாம் ஏறி, கேரளப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவள். ஜீப்பை விட்டு இறங்கி ஊர் பஸ் வருவதற்குள் இருக்கிற இடைவெளியில் என்னிடம் வந்திருந்தாள். இடது காலில் செருப்பு இல்லை.

"செருப்பு எங்கே?"

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். "ஜீப்புலயே கழண்டு விழுந்திருக்கும் போல. இப்பல்லாம் அடிக்கடி விழுகுது டாக்டரம்மா. விழுகுறதே தெரிய மாட்டேங்குது."

எனக்குத் திக்கென்றது. செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது என்று அர்த்தம். அவளைத் தொடவே இல்லை. முதலில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பினேன். எடுத்துக்கொண்டு வந்தாள். இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டு பிதுங்கி, இடது காலுக்குப் போகிற நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது.

நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆள் நிற்கிற நிலையைப் பார்க்கிறவள். ஏலக்காய் தரம் பிரிக்க நாளெல்லாம் தரையில் உட்காருகிறவளுக்குக் கழுத்து போகும். தையல் மிஷினில் இருக்கிறவளுக்குத் தோள்பட்டை. காய் எடுக்கிறவளுக்கு இடுப்பு. ஆனால் முனீஸ்வரியின் இடுப்பு மற்ற காய் எடுக்கிற பெண்களின் இடுப்பு மாதிரி இல்லை. ஒரே பக்கமாக, ஒரே கோணத்தில், வருஷக்கணக்காகக் குனிந்த உடம்பு. இடது கால் முன்னால் ஊன்றி, வலது பக்கம் திரும்பி, தலை கீழே. நிற்கச் சொன்னாலும் அந்தக் கோணல் அப்படியே இருந்தது.

"சரிவுல நீ எங்கே நிற்பே?" என்று கேட்டேன்.

"மேப்பக்கந்தான்."

"எப்பவுமா?"

"எப்பவுந்தான்."

மலையில் காய் எடுப்பு சோடி சோடியாக நடக்கிற வேலை. ஏலத்துக்குக் காய் பிடிப்பது செடியின் அடித்தூரில், மண்ணை ஒட்டி. சரிவில் நிற்கிற தூருக்குக் கீழ்பக்கம் ஒருத்தி, மேல்பக்கம் ஒருத்தி என்று நிற்பார்கள். கீழே நிற்கிறவளுக்குத் தூர் முட்டி உயரத்துக்கு, சில இடத்தில் இடுப்பு உயரத்துக்கே வந்துவிடும். கையை நீட்டினால் போதும். மேலே நிற்கிறவளுக்கோ தூர் பாதத்துக்கும் கீழே கிடக்கும். வழுக்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு தலைகுப்புறக் குனிய வேண்டும். அதனால் அந்தப் பெண்களே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். காலையில் மேலே நின்றவள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கீழே போவாள். எந்தக் கங்காணியும் சொல்லிக் கொடுத்ததல்ல. நான் படித்த படிப்பில் இதைவிட நல்ல யோசனை எனக்குக் கிடைத்ததில்லை.

"ஏன் நீ மாறுறதில்லை?"

முனீஸ்வரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே எங்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கை இல்லை. ஆனாலும் குரலை இறக்கிக்கொண்டாள்.

"செல்லத்தாய்க்கு முடியாது டாக்டரம்மா. அவளுக்குக் கர்ப்பப்பை எறங்கிருச்சு. குனிஞ்சா வெளிய வந்துருது."

செல்லத்தாய் அவளுடைய சோடி. போடி டவுன்காரி. கல்யாணமாகி முதல் தடவை மலையேறிய முனீஸ்வரி ஈரச் சரிவில் வழுக்கி உருளப் போனபோது, கொண்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தியவள். அன்றிலிருந்து ஒரே சோடி. முனீஸ்வரி ஊரிலிருந்து வந்து ஜீப்பில் ஏறுவதற்குள் செல்லத்தாய் அவளுக்குத் துண்டு விரித்து இடம் போட்டு வைத்திருப்பாள். மூன்றாவது பிள்ளை பெற்றுவிட்டு வேலைக்கு வந்த செல்லத்தாய், ஒரு நாள் தூருக்குப் பின்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். புருஷனிடம் சொல்லக் கூச்சம், மாமியாரிடம் சொன்னால் பேச்சு வரும். கேட்டவுடன் முனீஸ்வரி சொன்னாளாம்: "நீ கீப்பக்கமே நில்லுடி. நான் மேல பாத்துக்கிறேன்." ஜீப்பில் மற்றப் பெண்கள், "என்னடி, அவ மகாராணியா, நீ என்ன அவளுக்குப் பண்ணையாளா?" என்று கேலி பேசியபோதும் இவள் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு வருஷமும் வெளியில் சொன்னது என் ஒருத்தியிடம்தான்.

நான் உடைத்துப் பேசுகிறவள். "இங்க பாரு முனீஸ்வரி. இப்படியே மேலேயே நின்றால் இந்தச் சீசன் முடியறதுக்குள்ள உனக்குப் பாதம் தூக்க வராது. பாதம் தூக்க வராதவளை மலையில் யார் வேலைக்கு வைப்பாங்க? நான் எவ்வளவு சரி பண்ணினாலும் நீ மறுநாள் போய் அதே இடத்தில் நின்று கெடுத்துக்கொண்டு வருவே. பக்கத்தை மாற்று. வேறு வழியே இல்லை."

"எனக்குக் கால்தானே போகும். அவளுக்கு மானமே போயிருமே."

அந்தப் பதிலுக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு சோடி சேர்ந்துகொள் என்றேன். தான் விலகினால் செல்லத்தாயை யாரும் கீழேயே நிற்க விடமாட்டார்கள், விஷயம் வெளியே வந்துவிடும் என்றாள். செல்லத்தாயை நினைத்தும் எனக்குப் பாவமாக இருந்தது. வைத்தியம் இருக்கிற ஒரு நோயை இத்தனை வருஷம் சேலைக்குள் மறைத்துக்கொண்டு ஒருத்தி மலையேறி இறங்குகிறாளே என்று. "அவளைக் கூட்டிட்டு வா. நான் அதுக்கு டாக்டர் இல்லை. நல்ல பொம்பளை டாக்டர்கிட்ட நானே கூட்டிப் போறேன். அவளும் சரியாகட்டும், நீயும் சரியாகு" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். செல்லத்தாய் கலகலப்பான ஆள். தலை நிறைய மல்லிகைப் பூ. உள்ளே நுழைந்ததும் சுவரில் தொங்குகிற எலும்புப் படத்தைப் பார்த்து, "இந்தாளு யாரு டாக்டரம்மா, சோறு தண்ணி இல்லாம இப்பிடிக் காஞ்சு கெடக்காரு?" என்று கேட்டாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் ஏதோ உறுத்தியது. தோள் இரண்டும் சமம். இடுப்பு நேர். காய் எடுக்கிற இந்த வயதுப் பெண்களில் இவ்வளவு நேரான முதுகை நான் பார்த்ததே இல்லை.

மெதுவாகக் கேட்டேன். "இன்னும் தொந்தரவு இருக்கா?"

"இருக்கு, இருக்கு" என்றாள், காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

சரி, கூச்சம் என்று நினைத்தேன். பேச்சை மாற்றி முனீஸ்வரியிடம் திரும்பினேன். போன வாரத்துக்கு இப்போது எவ்வளவு தேவலை என்று பார்க்க, முட்டியை மடக்காமல் குனியச் சொன்னேன். முனீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். விரல் முட்டியைத் தாண்டவில்லை.

செல்லத்தாய்க்குப் பொறுக்கவில்லை. அவளுடைய குணமே அதுதான் போல. எல்லாவற்றிலும் முனீஸ்வரிக்கு வழிகாட்டுகிறவள். "என்னடி இது, ஓணான் மாதிரி தலைய மட்டும் ஆட்டுற? மூச்ச விட்டுக்கிட்டே வெரசாக் குனியணும். இந்தா பாரு" என்று சொல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சடாரென்று குனிந்தாள். இரண்டு உள்ளங்கையும் தரையில் பதிந்தன. முட்டி மடங்கவில்லை. மல்லிகைப் பூ முன்னால் தொங்கியது.

அப்படியே இருந்தாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று குனிந்த வாக்கிலேயே புரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்தபோது முகம் வெளுத்துப் போயிருந்தது. முனீஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பத்துல இருந்து?" என்று கேட்டாள்.

செல்லத்தாய் முதலில் மழுப்பினாள். இன்றைக்குத்தான் கொஞ்சம் தேவலை என்றாள். நான் விடவில்லை. "பொய் சொல்லாதேம்மா. இன்றைக்குத்தான் தேறின உடம்பு இப்படிக் குனியாது" என்று சொல்லிவிட்டேன். பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னாள்.

"மதுரையில ஆபரேசன் பண்ணி எடுத்தாச்சு. ஒஞ் சின்னவளுக்குக் காது குத்துனோம்ல, அதுக்கு அடுத்த மாசம். அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல, அப்ப."

காது குத்திய அந்தச் சின்னவள் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அரைப் பரீட்சைக்குப் படிக்க விடாமல் தன் வேலையையும் அவள் தலையில் போட வேண்டியிருக்கிறது என்று போன தடவைதான் முனீஸ்வரி என்னிடம் வருத்தப்பட்டாள். இடுப்பு வலியால் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை முனீஸ்வரியால்.

"சொல்லணும்னுதான்டி நெனச்சேன்" என்றாள் செல்லத்தாய். "ஒடம்பு தேறட்டும், ஒரு மாசம் போகட்டும்னு இருந்தேன். அப்புறம் நீயா வந்து மேப்பக்கம் நின்னுக்கிட்ட. நான் கேக்கலையே. நாள் ஆக ஆக எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

எனக்குக் கை பரபரத்தது. படித்தவள், டாக்டர் என்பதெல்லாம் மறந்து போய் அவளை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் போல் இருந்தது. கேட்கவும் வாயெடுத்தேன். முனீஸ்வரி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"சொல்லியிருந்தா பழையபடி மாறி மாறி நின்னிருப்போம்" என்றாள். "அம்புட்டுத்தான. நானா ஒன்ன நாளெல்லாம் மேல நிக்கச் சொல்லியிருக்கப் போறேன்?"

பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். செல்லத்தாய் பின்னாலேயே ஓடினாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தாளாம். முனீஸ்வரி திரும்பியே பார்க்கவில்லையாம்.

சில வாரம் முனீஸ்வரியை மலைக்கே போகக் கூடாது என்று நிறுத்தி வைத்து வைத்தியம் பார்த்தேன். மறுபடி போனபோது சோடி இல்லாத வேறு ஆள் கிடைக்காததால் பழைய சோடியே அமைந்தது. இனி எப்போதும் நானே மேலே நிற்கிறேன் என்று செல்லத்தாய் அழுதாளாம். முனீஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் தான் மேலே, சோற்றுக்குப் பிறகு அவள் மேலே. முறை எப்படியோ அப்படி. "அவ தயவு எனக்கு எதுக்கு?" என்றாள் என்னிடம். தூருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் காய் எடுக்கிறார்கள் என்று ஜீப்பில் வருகிற மற்றப் பெண்கள் வந்து சொன்னார்கள்.

செல்லத்தாயும் ஒரு நாள் என்னிடம் வந்தாள். அரை நாள் மேல்பக்கம் நின்றே அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. என் மேஜையில் வந்து படுக்கிறவர் யாராக இருந்தாலும் வைத்தியம் பார்ப்பேன். பார்த்தேன். ஆனால் அன்றைக்கு என் கை அவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். "நீங்க சொன்னா அவ கேப்பா டாக்டரம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்று கண்ணைத் துடைத்தாள். அதெல்லாம் என் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

முனீஸ்வரிக்குக் கால் திரும்பிவிட்டது. கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டேன். எந்த விரல் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். "இனி நீ என்னைத் தேடி வர வேண்டாம். நான் சொன்ன பயிற்சியை மட்டும் விடாதே" என்றேன்.

அவள் எழுந்து போகவில்லை. மேஜை ஓரத்தில் உட்கார்ந்தபடி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, நீங்க மொதத் தடவ என் இடுப்பத் தொட்டு வலிக்கிற எடத்தக் கண்டுபிடிக்க எம்புட்டு நேரமாச்சு?"

"கொஞ்ச நேரம் ஆச்சு. ஏன்?"

"தோட்டத்துல தெனமும் சோறு தின்னதும் அவதான் எனக்கு எண்ணெ தேச்சு விடுவா. நான் எங்க வலிக்குதுன்னு சொன்னதே இல்ல. கை நேரா அங்கதான் போகும். அம்புட்டுப் பாசம், நம்ம வலி அவளுக்குத் தெரியுதுன்னு நான் ஊரெல்லாம் பெருமை பேசுனேன். தெரிஞ்சுதான இருந்திருக்கு அவளுக்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.