ஓடுகிற செட்டுக்கு ஒரு கை

அலுவிகாரை றோட்டில் இருந்த ரேடியோ கம்பெனியில் ஞானாம்பிகை ஆறு வருடமாக ஈயம் பற்றவைக்கிற மேசையில் இருந்தாள். மாத்தளைக் கச்சேரியில், அந்த அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர் வேலை பார்த்த சபாரத்தினத்தின் மூத்த மகள். தபால் மூலம் படித்து ரேடியோவில் டிப்ளோமா எடுத்தவள். அதே கம்பெனியில் எஞ்சினியர் வேலைக்கு இரண்டு தடவை நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். இரண்டு தடவையும் ஏதேதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1968இல் மூன்றாவது தடவை கூப்பிட்டார்கள். முப்பது தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது என்பது கம்பெனிச் சட்டம். அவளுக்கு முப்பதாக இரண்டு மாதம்தான் இருந்தது.

அறைக்குள் இரண்டு பேர். ஒருவர் கொழும்பிலிருந்து வந்த டைரக்டர். ரேடியோ விற்கத் தெரிந்தவர், திறந்து பார்த்தவர் அல்ல. மற்றவர் தலைமை எஞ்சினியர் ஜெயரட்ணம். மேசையில் முதுகு கழற்றிய வால்வு ரேடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தமில்லை. பதினைந்து நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மீட்டரின் கறுப்பு வயரைச் செட்டின் தகட்டில் கவ்வவிட்டுச் சிவப்பு வயரை வலது கையில் எடுத்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். உள்ளே இருநூற்றைம்பது வோல்ட். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சைக் கடந்துதான் போகும். அதனால் ஓடுகிற செட்டுக்கு ஒரு கைதான். ஆண்கள் மற்றக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விடுவார்கள், பெண்களுக்குச் சேலைத் தலைப்பு. கம்பெனியில் இந்தச் சட்டத்தைப் போட்டவரே ஜெயரட்ணம்தான்.

பார்த்து எழுதப் பின்னால் என்ன துண்டுக் காகிதத்தை ஒளிக்கிறாய் என்று டைரக்டர் அதட்டினார். அவள் வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு மறுபடியும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஷொக் அடிக்காமல் இருக்கத்தான், சேர்."

ரேடியோவுக்குப் பயந்தவளெல்லாம் எஞ்சினியரா என்று அவர் சிரித்தார். எழும்பி வந்து, இடது கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு, இப்படித்தான் என்று வலது விரலை உள்ளே நீட்டினார்.

விளக்கம் சொல்ல நேரமில்லை. ஞானாம்பிகை அவர் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

டைரக்டரின் முகம் சிவந்து போயிற்று. அவள் ஜெயரட்ணத்தைப் பார்த்தாள். அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ பேனா மூடியைத் திருகிக்கொண்டு தாளுக்குள் தலையைப் புதைத்திருந்தார். வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். பிழை எந்த வால்வில் என்று அவள் அதற்குள் கண்டுபிடித்திருந்தாள், கேட்கத்தான் ஆளில்லை.

திங்கட்கிழமை அறிவித்தல் பலகையில் வேறொருவர் பெயர் தொங்கியது. மத்தியானம் ஜெயரட்ணம் அவளுடைய மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீர் செய்தது சரிதான், பிள்ளை. இல்லாட்டி அந்தாள் செத்திருக்கும். எனக்குத் தெரியும்."

அவள் ஈயம் பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சேர். அந்த அறையிலை தெரியாத ஆள் ஒராள்தான் இருந்தவர். நீங்கள் அவருக்கெல்லோ சொல்லியிருக்க வேணும்."