லேப்டாப்போடு போன படங்கள்

பூம்பாறையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற ஒருவருக்கு, நானும் என் தம்பியும் இணையதளம் செய்துகொடுத்தோம். அதன் தோற்றத்தை அமைக்கும் 'தீம்' நிரலை எழுதியவன் தம்பி. நல்ல வேலைக்காரன்தான், ஆனால் அவசரக்குடுக்கை.

செய்யும்போது தளம் எங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். படங்கள் இருக்கும் இடத்துக்கு ஓர் அடிப்படை முகவரி உண்டு. அதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், தளத்தை வெளியில் ஏற்றும் நாளில் ஒரு வரியை மாற்றினால் போதும். இவனோ படத்துக்குப் படம் லேப்டாப்பின் முகவரியையே எழுதித் தொலைத்திருந்தான். அந்த அறைக்காரர் வீட்டு வைஃபையில் லேப்டாப் இருக்கும்வரை அங்கே எல்லோர் போனிலும் படம் தெரிந்தது. இவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் வெறும் வெள்ளைக் கட்டங்கள்.

சீசன் நேரத்தில் அறைகள் காலியாகக் கிடந்தன. இவன் வேண்டுமென்றே படங்களைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று அந்த ஆள் முடிவுகட்டிவிட்டார். இவன் அடுத்த முறை போனபோது லேப்டாப்பைப் பிடுங்கினார். தம்பி விடவில்லை. விறகுக்கட்டையால் முகத்திலேயே அடித்தார்.

அவர் மனைவி போனில் அழுதார். கொடைக்கானலிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். தம்பி இடது கண்ணில் துண்டை அழுத்திக்கொண்டு தரையில் கிடந்தான். துண்டு முழுக்க ரத்தம். கையிலிருந்த ஹெல்மெட்டால் அந்த ஆளின் வாயில் ஓங்கி அடித்தேன். உதடு கிழிந்தது. இன்றுவரை அதற்காக நான் வருந்தியதில்லை. அவர் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதிவிட்டு, கதவைப் பூட்டினார்.

"லேப்டாப்ப நீங்களே வச்சுக்கங்க. கதவத் தொறங்க, அவனுக்குக் கண்ணு போயிரும்!"

"நீ போயிட்டா இத யாரு ஓட்டுவா? படத்த நிக்க வச்சிட்டு அப்புறம் போ. வெரசா பாரு."

எல்லா முகவரிகளையும் மாற்றி, படங்களோடு வெளியில் ஏற்றினேன். அவர் லேப்டாப்பை அணைத்தார், போனில் வைஃபையையும் அணைத்துவிட்டுப் பார்த்தார். படங்கள் அப்படியே நின்றன. கிழிந்த உதட்டோடு சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொலைவெறி வருகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜீப்பில் தம்பி என் போனைக் கேட்டான். தளத்தைத் திறந்து, படங்கள் வந்ததும் அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, துண்டை விலக்கி அடிபட்ட கண்ணால் பார்த்தான்.

"அக்கா, படம் இன்னும் வரலையே" என்றான்.