பதுவையில் வைத்த படம்

பெரியப்பா இத்தாலிக்குப் போனதற்குத் திருயாத்திரை என்றுதான் பெயர். மதுரை டிராவல்ஸ்காரர் ஒருவர் கூட்டிப்போனார். ராஜபாளையத்திலிருந்து இவர் மட்டும்தான். பத்து நாளில் ரோம், பைசா, வெனிஸ் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து மூன்று மாதம் பேசினார். "சாஞ்ச கோபுரம்னு எம்புட்டுப் பீத்துதாங்க! நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைவிடக் குட்டை, அதுலயும் கோணல்" என்பார். ஆனால் அந்தக் கோணலைக் கையால் தாங்குகிற மாதிரி செல்போனில் பதினேழு படம் எடுத்திருந்தார். ஒன்றில்கூடக் கை கோபுரத்துக்கு நேராக வரவில்லை.

அந்தப் பயணத்தில் அவருக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. எதிர்வீட்டு அத்தையின் மகன் தன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போனவன், இரண்டு வருஷமாகத் தகவலே இல்லை. அத்தை வீட்டார் தெலுங்கு பேசுகிற இந்துக்கள். ஆனாலும், காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் என்று எங்கள் அந்தோனியார் கோயிலில் அத்தை செவ்வாய்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றுவார். அந்தோனியாரின் கல்லறை இருக்கிற பதுவைக்கும் பெரியப்பா போகிறார் என்று கேள்விப்பட்டதும், மகன் படத்தைக் கொண்டுவந்து, "அண்ணே, இதைக் கல்லறையில வச்சிட்டு வாங்க" என்று கும்பிட்டார்.

திரும்பி வந்த பெரியப்பா, "வச்சிட்டேம்மா" என்றார். அத்தை நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அடுத்தவர் பெட்டியைக் குடைவதில் அலாதிப் பிரியம். மிச்ச சாக்லேட் இருக்குமா என்று பெரியப்பாவின் சூட்கேஸைத் துழாவியபோது, உள்பையில் அந்தப் படம் இருந்தது. அவரிடமே கொண்டுபோய் நீட்டினேன். மனிதருக்கு முகம் செத்துப்போனது. பைசாவில் அவர் படம் எடுத்து முடிக்கும்வரை பஸ்ஸே காத்துக்கிடந்ததாம்; பதுவைக்குப் போய்ச் சேர்ந்தபோது கோயிலைப் பூட்டிவிட்டார்களாம். "அவ மூஞ்சியைப் பார்த்ததும் சொல்ல வாய் வரல. யார்ட்டயும் சொல்லிராதட்டி" என்றார்.

சொல்லாமல் இருப்பேனா! பொய் சொல்வது பாவம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்தேன். படத்தோடு ஓடிப்போய் அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் படத்தைக் கையில் வாங்கினார். முந்தானையால் துடைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எடுத்த எடத்துலயே வச்சிரு. எனக்குத் தெரியும்னு அவியகிட்ட மூச்சு விட்டுராத."

எனக்குப் பெருத்த ஏமாற்றம். நல்ல சண்டை ஒன்று பார்க்கலாம் என்றிருந்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை வந்து பெரியப்பா எதிரில் உட்கார்ந்தார். "அண்ணே, எம்புள்ள படத்தை எங்க வச்சீக? இன்னொருக்கா சொல்லுங்களேன்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். பளிங்குக் கல்லறை, அதில் கையை வைத்துக்கொண்டு ஜனங்கள் அழுவது, பக்கத்தில் எந்த ஊர்க் குழந்தைகளோ சிரிக்கிற படங்கள், அவற்றுக்கு நடுவில் அத்தை மகன் படம். அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"காத்துல விழுந்துராதுல்ல?"

"விழாதும்மா. நல்லாச் சாத்தி வச்சிருக்கேன்."

இரண்டு பேருக்கும் கொஞ்சம்கூட வெட்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.