முழங்கால் வரை சவர்க்காரம்

எங்கள் குடும்பத்தில் காலில் சேறு படாமல் வளர்ந்த முதல் ஆள் நான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தும் ஒருநாள்கூடக் கூடை சுமந்ததில்லை. கொழுந்து மலையில் கால் வைத்ததில்லை. உயர்தரம் படித்து, அதற்கு மேலும் படித்து, ஹட்டனில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளையில் எனக்கென்று ஒரு மேசையோடு உட்கார்ந்தவள். மழைக்காலத்தில் எங்கள் வரிசைவீட்டு லயத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை அம்மா என்னைத் தூக்கிக்கொண்டுதான் போவார். வெள்ளைச் சீருடையில் ஒரு புள்ளி பட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஐந்தாம் ஆண்டு வரை அம்மா தூக்கினார். அதற்குப் பிறகு நான் கனத்துப்போனதால் அப்பா தூக்கினார்.

அப்படிப்பட்ட என்னைத்தான் சேற்றோட்டத்துக்குத் தலைவியாகப் போட்டார்கள்.

தலைமையகம் வருடாந்த ஒன்றுகூடலை நுவரெலியாவில் வைத்திருந்தது. கிளைக்கு மூன்று பேர். சேற்றுக் குழியில் இறங்க வேண்டும், வலைக்கு அடியில் தவழ வேண்டும், பலகைச் சுவரில் ஏறிக் குதிக்க வேண்டும். மூவரும் சேர்ந்து முடித்தால்தான் கணக்கு. எங்கள் முகாமையாளர் பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசுகிறவர்; நான் அவருக்கு ‘நங்கி’, அதாவது தங்கச்சி. கடிதத்தை வாசித்து முடித்ததும் அவர் பார்வை என்மேல் வந்து நின்றது.

“நங்கி தோட்டத்துப் பிள்ளைதானே? மலை ஏறி எறங்கின கால். நீங்கதான் கேப்டன்.”

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் முகாமையாளரோடும் என்னோடும் ஓடவேண்டிய பக்கத்து மேசைக் கொழும்பு அக்கா, நான் எழுதும் கடிதங்களில் பிழை தேடுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர், “அப்ப நாங்க தப்பிச்சோம்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அலுவலகத்தில் மூன்று வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

“எங்களுக்கு அதெல்லாம் பழக்கம் சேர்” என்றேன்.

அந்த ‘எங்களுக்கு’ என்ற சொல்லில் அம்மா இருந்தார், பெரியம்மா இருந்தார், லயத்தில் உள்ள எல்லாரும் இருந்தார்கள். நான் மட்டும் இல்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

“சேத்துல உருளச் சொல்றாங்களா? என்ன தப்பு பண்ணுன?”

“தப்பு இல்லம்மா, வெளையாட்டு.”

“வெளையாட்டா? ஒன்னைய மட்டுமா?”

“மெனேஜரும்தான் ஓடுறாரு.”

“ஐயையோ, அவரு என்ன தப்பு பண்ணுனாரு?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் தோட்டத் தலைவரை அழைத்துவந்துவிட்டார். தொழிற்சங்கத் தலைவர் அவர். கொழுந்து நிறுக்கும் சண்டையிலிருந்து கூரை ஒழுகுவது வரை எங்கள் தோட்டத்தில் எல்லாம் அவரிடம்தான் போகும். தேத்தண்ணி குடித்துவிட்டு, “கடிதாசியக் கொண்டா” என்றார். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“இதுல எங்கயாச்சும் கட்டாயம்னு போட்டிருக்கா?”

“இல்லீங்க மாமா. நானாத்தான் சரின்னேன்.”

கடிதத்தை நாலாக மடித்து அப்பாவிடம் கொடுத்தார். “புள்ள விரும்பித்தான் போகுது. இதுக்கு மேல நம்ம ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். யாராவது ஒருத்தி காதலித்து ஓடிப்போனால் பெற்றவர்களிடம் என்ன குரலில் சொல்வாரோ, அதே குரல். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பயிற்சியை எனக்குச் சொல்லித் தந்தது தொலைபேசி. முதல் வாரம் தினமும் அரைமணி நேரம் ஓட வேண்டுமாம். விடிந்தும் விடியாத பனிமூட்டத்தில் தோட்டத்து ரோட்டில் இறங்கி ஓடத் தொடங்கினேன். எதிரே பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, கூடையோடு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு ஆள் ஓடினால் அதற்கு இரண்டே காரணம்தான்: ஒன்று பஸ், இல்லாவிட்டால் குளவி. பஸ் வரும் நேரம் அது இல்லை.

“குளவியா புள்ள?” என்று முன்னால் வந்தவர் கத்தினார். எனக்கு மூச்சு வாங்கியதால் பதில் சொல்ல முடியவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பி ஓடத் தொடங்கினார்கள். என் அம்மாவை ஒத்த வயதுக்காரர்கள், முதுகில் கூடை வேறு. முதல் வளைவிலேயே அத்தனை பேரும் என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். நான் ரோட்டைச் சுற்றிப் பெரட்டுக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர்கள் குறுக்குவழியாக அங்கே வந்து நின்று இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நேரத்துக்கு வந்துவிட்டதைப் பார்த்துக் கங்காணிக்கு ஒரே ஆச்சரியம்.

“குளவி எங்கடி?” என்று ஒரு அத்தை கேட்டார்.

“சும்மாதான் ஓடுனேன் அத்த. உடம்புக்கு.”

“ஒடம்புக்கு என்னா?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா எங்க உசுர வாங்குன?”

அடுத்த நாள் பஸ் வரும் நேரத்தில் ஓடினேன். சாரதி என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஹோர்ன் அடித்து, பொறுமையாகக் காத்திருந்தார். எனக்காக நின்ற பஸ்ஸிடம் நான் சும்மா ஓடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஏறிவிட்டேன். அந்த வாரத்தில் மூன்று நாள் அப்படி ஏறினேன்.

மனப்பயிற்சி இதைவிட மோசம். சேற்றோடு சிநேகமாக வேண்டும் என்றது தொலைபேசி. லயத்துக்குப் பின்னால் தண்ணீர் விழும் பீலிக்கு அருகில் எப்போதும் சேறுதான். ஆள் இல்லாத நேரம் பார்த்து, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, வலது காலை வைத்தேன். விரல் இடுக்கில் குளிர்ச்சியாக ஏதோ ஏறியது. ஏழு எண்ணுவதற்குள் காலை எடுத்துவிட்டேன். பத்து நாள் முயன்றும் ஏழைத் தாண்டவில்லை.

அலுவலகத்தில் அக்கா தினமும் விசாரிப்பார். “எப்படிப் போகுது?” “மலை ஏறுறேன் அக்கா.” சொல்லச் சொல்ல அந்த மலை உயர்ந்துகொண்டே போனது. மலையேறத் தெரியாத மலைநாட்டுக்காரி என்று இவர்களுக்குத் தெரிந்துவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு அந்த மேசையில் உட்காருவது என்பதுதான் எனக்குக் கவலை. ஓட்டத்தில் தோற்பது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

போட்டிக்கு முதல்நாள் அக்கா சொன்னார்: “எனக்குச் சேறும் பயமில்ல, சுவரும் பயமில்ல. அட்டைதான்.”

ஒருவழியாக எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வந்தது. மழைக்காலக் காலைகளில் அம்மாவின் காலில் சவர்க்கார வாசனை அடிக்கும். அட்டை ஏறாமலிருக்க, மலைக்குப் போகும் பெண்கள் காலில் அதை இழுவிக்கொள்வார்கள். எவ்வளவு இழுவுவார்கள் என்று நான் பார்த்ததில்லை. கொஞ்சத்துக்கே அட்டை ஓடுமென்றால் நிறையப் பூசினால் இன்னும் நல்லதுதானே? ஆளுக்கு ஒரு முழுக் கட்டி துணி துவைக்கும் சவர்க்காரம் கொண்டுவரச் சொல்லிக் கேப்டன் குரலில் உத்தரவிட்டேன்.

மறுநாள் காலை நுவரெலியா மைதானத்தின் ஓரத்தில், முழங்கால் வரைக்கும் பூசச் சொன்னேன். காலுறையிலும் பூசச் சொன்னேன், சப்பாத்தின் அடியிலும்தான். தவழ வேண்டுமென்பதால் முழங்கையிலும் உள்ளங்கையிலும்கூட. முகாமையாளர் மறுபேச்சில்லாமல் பூசினார். “அனுபவம்னா அனுபவம்தான்” என்றார் அக்கா.

வலைக்கு அடியில் நாங்கள் மீனாக வழுக்கிக்கொண்டு போனோம். இரண்டு கிளைகளை முந்தினோம். “ஜயவேவா!” என்று முகாமையாளர் சிங்களத்தில் வெற்றி முழக்கம் போட்டார். அடுத்தது தண்ணீர்க் குழி. நாங்கள் இறங்கிய இடத்திலிருந்து வெள்ளையாக நுரை கிளம்பியது. பார்க்க வந்தவர்கள் தொலைபேசிகளைத் தூக்கினார்கள். பின்னால் வந்த குழு இறங்கத் தயங்கிக் கரையிலேயே நின்றுவிட்டது.

பிறகு பலகைச் சுவர். சாய்வாக நிறுத்தி, கால் வைக்கக் குறுக்குச் சட்டம் அடித்திருந்தார்கள். முகாமையாளர் நாலு சட்டம் ஏறி அப்படியே சறுக்கி வந்தார். அக்கா இரண்டு சட்டம் ஏறி அவர்மேல் வந்தார். நான் முதல் சட்டத்திலிருந்து இருவர்மேலும் விழுந்தேன். மூன்று தரம் இப்படி. நாங்கள் முந்திய கிளைகள் எங்களைத் தாண்டி ஏறிப்போயின.

“இந்தச் சோப்போட உங்க ஆக்கள் எப்படி மலை ஏறுறாங்க?” அக்கா மூச்சிரைக்கக் கேட்டார்.

சேற்றில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டேன்.

“எனக்குத் தெரியாது அக்கா. நான் மலைக்குப் போனதே இல்ல. எங்கம்மா என்னைய விட்டதே இல்ல.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நுரை மட்டும் புஸ்ஸென்று அடங்கிக்கொண்டிருந்தது.

“சப்பாத்தக் கழட்டு” என்றார் அக்கா.

கழற்றினோம். காலையும் கையையும் சேற்றில் போட்டுத் தேய்த்துச் சவர்க்காரத்தை எடுத்தோம். ஏழைத் தாண்டி எவ்வளவோ எண்ணியிருப்பேன், எண்ண நேரமில்லை. வெறுங்காலோடு ஒருவரையொருவர் தள்ளி, இழுத்து, வசைபாடி அந்தப் பக்கம் குதித்தோம். கடைசியாகத்தான் வந்தோம்.

கழுவும் இடத்தில் பெரிய வரிசை. அக்கா முதலில் கழுவிக்கொண்டு உடைமாற்றப் போய்விட்டார். முகாமையாளர் குழாயைப் பிடித்துத் தன் காலில் தண்ணீர் அடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

“உண்மையாவே மலைக்குப் போனதில்லையா நங்கி?”

“இல்ல சேர். மன்னிச்சிருங்க.”

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வீட்டுல வயல். நானும் வயல்ல எறங்கினதே இல்ல. அம்மா அடிப்பாங்க, படிக்கிற பிள்ளைன்னு. போன முறை வேற கிளையில இருந்தேன். கமக்காரன்ட மகன்னு சொல்லி என்னத்தான் கேப்டனாப் போட்டாங்க.”

“அப்ப நீங்க எத்தனையாவதா வந்தீங்க சேர்?”

அவர் குழாயை என் கையில் கொடுத்தார்.

“நாங்க வரவே இல்ல நங்கி.”