சீசனுக்கு நாங்கள் வீட்டை விடவில்லை

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நுவரெலியாவுக்கு வந்து, மார்க்கெட்டில் கோவா, கேரட் மூட்டை சுமந்தேன். இன்று சொந்த மரக்கறிக் கடை, சொந்த வீடு. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ஆனால் அதையெல்லாம் விட நான் மார்தட்டிக்கொள்கிற காரியம் ஒன்று உண்டு. எங்கள் சந்தில் ஏப்ரல் மாதம் யாரும் வீடு காலி செய்வதில்லை. அதை நிறுத்தியது நான்தான்.

ஏப்ரல் எங்கள் ஊருக்குச் சீசன். குதிரைப் பந்தயமும் பூக்களும் பார்க்கக் கொழும்பிலிருந்து ஜனம் வந்து கொட்டும். வந்தவர்கள் தங்குவதற்கு எந்த வாடகையும் கொடுப்பார்கள். அதனால் மார்ச் பிறந்ததும் வீட்டுக்காரர்கள் வாடகைக்கு இருப்பவர்களின் கதவைத் தட்டுவார்கள். வாடகையை ஒழுங்காகக் கட்டிய குடும்பமும் சட்டிபானையைக் கட்டியாக வேண்டும். சீசன் முடிந்து திரும்பினால் அந்த வீட்டில் வேறு யாரோ இருப்பார்கள். இளவட்டத்தில் நானே மூன்று ஏப்ரல் தோட்டத்து லயத்தில், உறவுக்காரரின் ஒற்றை அறையில் ஒண்டியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, எங்கள் சந்தில் என் வீட்டைத் தவிர மற்ற எட்டு வீடுகளுக்கும் சொந்தக்காரரான முதலாளி எல்லாரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். நடுவீட்டில் இருந்த பெண், விருந்தாளிகளின் துணி துவைத்துப் பிழைப்பவள், புருஷன் இல்லாதவள். மகளுக்கு மே மாதம் ஓ.எல்., பதினோராம் வகுப்புப் பெரிய பரீட்சை. நேரே என் கடைக்கு வந்தாள்.

“அண்ணே, இப்ப டயகம தோட்டத்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போனா புள்ள எப்படிங்க பள்ளிக்கூடம் வரும்? பரீட்ச முடியிற வரைக்கும்தான் அண்ணே கேக்குறேன்.”

“நீ வீட்ட விட்டு எந்திரிக்கவே வேணாம் தங்கச்சி. நான் இருக்கேன்ல?”

எனக்குத் தெரிந்தது தோட்டத்துப் போராட்டம்தான். வேலையை நிறுத்திவிட்டுத் தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களா முன்னால் உட்காருவது. அதே மாதிரி எட்டு வீட்டு ஆட்களையும் கூட்டிப்போய் முதலாளி வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன பெரியவரே, நாளைக்குக் கொழுந்து எடுக்க மாட்டீங்களா? இது தோட்டமுமில்ல, நான் தொரையுமில்ல.”

எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டார்கள். வாடகைக்கு இருப்பவன் எந்த வேலையை நிறுத்துவான்? ஆனால் என் மூளை சும்மா கிடக்கிற மூளை இல்லை. என்னோடு வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். இவள் பெட்சீட் துவைப்பவள். அவன் சுடுதண்ணீர் பைப் பழுது பார்ப்பவன். அந்தப் புருஷனும் பெஞ்சாதியும் சீசன் வீடுகளில் சமைப்பவர்கள். இந்த ஆட்களையே விரட்டிவிட்டு முதலாளி யாரை வைத்துச் சீசன் நடத்துவார்?

எழுந்து நின்றேன்.

“கொழுந்த விடுங்க மொதலாளி. பெட்சீட் தொவைக்க மாட்டோம். சுடுதண்ணி வராது. சோறு பொங்கணும்னா நீங்களே கரண்டியப் புடிங்க!”

துணி துவைப்பவளும் விடவில்லை. “என் வீட்டுல எவனோ படுப்பான், அவன் பெட்சீட்ட நான் டயகமவுலருந்து வந்து தொவைக்கணுமா?”

படிக்கட்டே சிரித்தது. முதலாளி கீழே இறங்கி வந்தார்.

“வருசக்கணக்கா இருக்கவிட்டா, அப்புறம் எந்திரிக்க மாட்டேன்னு கோர்ட்டுக்குப் போவீங்க. அதுக்கும் சேத்துத்தான் எழுப்புறேன்,” என்றார் மெதுவாக.

அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கியது. காசு ஆசை பாதி, பயம் பாதி. பயத்துக்குக் கடுதாசி போதும். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போய் ஒப்பந்தம் எழுதினோம். இரண்டு வருடத்துக்கு யாரையும் எழுப்பக்கூடாது. அதற்குப் பிறகு வீடு வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும், ஏப்ரலில் கேட்கக்கூடாது. சொன்ன தேதியில் நாங்கள் தகராறில்லாமல் விடுவோம். விருந்தாளிகளுக்கு அவருடைய மாடியைத் திறந்துவிட்டால் வேலையெல்லாம் எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. கோணல்தான், ஆனாலும் செல்லும்.

அந்த ஏப்ரலில் முதலாளி மாடியில் கொழும்புக்காரர்கள் பாட்டுப் போட்டு ஆடினார்கள். நடுவீட்டுப் பிள்ளை ஜன்னலைச் சாத்திவிட்டுப் படித்தாள். பரீட்சையன்று வெள்ளைச் சீருடையில், தன் வீட்டுப் படியிறங்கி, நடந்தே பள்ளிக்கூடம் போனாள். நான் கடையைப் பூட்டிவிட்டு வாசல் வரை கூடப் போனேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்: “எங்க சந்துப் புள்ள. பரீட்சைக்குப் போவுது!”